விளைச்சல் குறைந்தால் யார் தருவார்?

ஜோன்ஸ்போரோ, ஆர்க்கன்சா

அன்புள்ள தம்பிக்கு,

தன் முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று அம்மா போனில் சொன்னாள். அவள் எப்போதும் அப்படித்தான் சொல்வாள். நீ ஒரு வரி எழுது, நம்புகிறேன்.

போன வாரம் நீ சொன்னது மனதிலேயே நிற்கிறது. குறுவைக்குப் போர் தண்ணீரைக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டுப் பாருங்கள், விதையும் உரமும் தருகிறோம் என்று வந்தவரிடம், "விளைச்சல் குறைந்தால் யார் தருவார்?" என்று கேட்டாயாம். அவர் பதில் சொல்லாமல் போய்விட்டாராம். உன் அத்தான் இதைக் கேட்டு, "புதுசு என்றாலே உன் தம்பிக்குப் பயம்" என்று சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நீ கேட்டது நியாயமான கேள்வி. இங்கே அமெரிக்காவில் அதற்குச் சட்டத்திலேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மண்ணையும் நீரையும் காக்கும் புது முறைகளைச் சோதித்துப் பார்க்க 2002ஆம் ஆண்டு விவசாயச் சட்டத்தில் ஒரு மானியம் கொண்டுவந்தார்கள். 2018இல் அதில் இன்னொரு பிரிவைச் சேர்த்தார்கள். சோதனை ஆராய்ச்சிப் பண்ணையில் அல்ல, பயிர் செய்து பிழைக்கிறவரின் சொந்த வயலில் நடக்க வேண்டும். இதற்கென்று ஆண்டுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கினார்கள். விவசாயியோடு செய்யும் ஒப்பந்தம் மூன்று ஆண்டுக்குக் குறையக் கூடாது. ஒரு வருஷ மழையை வைத்து எதைச் சொல்ல முடியும்? புது முறையால் வருமானம் குறைய வாய்ப்பு இருந்தால் அதற்கு ஈடாகவும் பணம் தரலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. மண்ணுக்கும் நீருக்கும் என்ன ஆயிற்று என்பதோடு விவசாயியின் வரவு செலவு என்ன ஆயிற்று என்றும் கணக்குக் காட்ட வேண்டும்.

குறையும் உண்டு. இந்தப் பணத்துக்கு விவசாயி நேரே மனுப் போட முடியாது. தொண்டு நிறுவனமோ, மாநில அரசின் துறையோ, விவசாயம் சார்ந்த கம்பெனியோ வாங்கி, அவர்கள் வழியாகத்தான் வயலுக்கு வரும். அப்படியானால் அவர்களுக்குப் பழக்கமான பண்ணைக்காரரைத்தானே முதலில் கூப்பிடுவார்கள்? கையெழுத்துப் போட வேண்டிய காகிதமும் கொஞ்சநஞ்சமல்ல.

நான் இருக்கும் இடம் உனக்குப் பிடிக்கும். அமெரிக்காவில் விளையும் நெல்லில் ஏறக்குறையப் பாதி இந்த ஒரு மாநிலத்தில் விளைகிறது. எங்கு பார்த்தாலும் சமமான பூமி, வரப்பு, தண்ணீர். ஆனால் அந்தத் தண்ணீர் பெரும்பாலும் நிலத்தடியிலிருந்து வருகிறது. பல இடங்களில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகிறது. அதனால் இங்குள்ள விவசாயிகளும் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்து பார்க்கிறார்கள். துளை போட்ட குழாயை வயலில் புதைத்து, தண்ணீர் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி பாய்ச்சுவது. பூக்கும் பருவத்தில் மட்டும் காய விடாமல் நிறுத்துவது. தண்ணீர் மிச்சம். எப்போதும் தேங்கி நிற்கும் வயலிலிருந்து கிளம்பும் மீத்தேனும் வெகுவாகக் குறைகிறது.

இங்கே சரிப்பட்டது அங்கேயும் சரிப்படும் என்று நான் சொல்ல மாட்டேன். இவர்களுக்குத் தண்ணீர் மிச்சமானால் மோட்டார் ஓட்டும் செலவு மிச்சம். அது அவர்கள் பைக்கே வரும். உனக்குக் கரண்டு இலவசம். நீ மிச்சப்படுத்தும் தண்ணீரால் ஊருக்கு லாபம், உனக்குக் கையில் ஒன்றும் இல்லை. வயல் காய்ந்தால் களை கிளம்பும்; களையெடுக்கும் கூலி மட்டும் உன் தலையில். ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் கீழக்கட்டளை வயலில் இதை யோசிக்கவே வேண்டாம். காயவிட்ட பிறகு முறைத் தண்ணீர் வராவிட்டால் பயிர் போயிற்று. போர் இருக்கும் வயலில் மட்டும்தான் இது ஆகும்.

அதனால்தான் சொல்கிறேன், மாட்டேன் என்று கதவைச் சாத்தாதே, சும்மாவும் ஒத்துக்கொள்ளாதே. சோதனைக்கு வயல் கொடுப்பவன் சுற்றியிருக்கும் பத்து ஊருக்கும் சேர்த்து வேலை செய்கிறான். அவன் வாங்குவது தானம் இல்லை, கூலி. நட்டம் வந்தால் அதையும் ஊர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்.

அவர் மறுபடி வந்தால் மூன்று விஷயம் கேள். மூட்டை குறைந்தால் ஈடு உண்டா, எழுத்தில் தருவார்களா? ஒரு போகத்தோடு போய்விடுவார்களா, தொடர்ந்து வருவார்களா? களைக்கூலியையும் கணக்கில் எழுதுவார்களா? எழுதித் தர முடியாது என்றால் ஒரு மா மட்டும் கொடு. பக்கத்திலேயே இன்னொரு மாவை, அதே நாற்று, அதே உரம் போட்டு, வழக்கம்போல் தண்ணீர் கட்டி வை. மோட்டார் ஓடிய நேரம், கூலி, கண்டுமுதல் மூன்றையும் இரண்டு வயலுக்கும் தனித்தனியே நோட்டில் எழுதச் சொல்லிச் சின்னவளிடம் கொடு. அவளுக்குக் கணக்கு நன்றாக வரும். குறைந்தாலும் அந்த நோட்டுக்கு மதிப்பு உண்டு. அடுத்த முறை நீ கேள்வி கேட்கும்போது அதைக் காட்டிப் பேசலாம்.

நாற்று விடுவதற்குள் என்ன முடிவு செய்தாய் என்று எழுது. குழாயில் துளை எவ்வளவு இடைவெளியில் போட வேண்டும் என்று வரைந்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அக்கா