கூவுவது எந்தக் குயில்?

திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் இடையே, கடலோரத்தில், களப்பை அடுத்துக் கிடக்கிறது கோமாரி. 2011 ஆம் ஆண்டு அவ்வூரில் ஆசிரியத் தொழில் புரிந்தபோது நாம் செய்த பிழையொன்று இன்னும் உறுத்துகிறது.

முதலாந் தவணைப் பரீட்சையில் குயிலைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தோம். சேனைக் காவலுக்குப் போகும் மாணவனொருவன், கூவுவது ஆண்குயில் என்று எழுதியிருந்தான். சிவப்பு மையால் அதை வெட்டினோம். நன்றாகப் பாடும் பெண்ணைக் குயிலென்று புகழ்ந்தே பழகியவர்களல்லவா நாம்! பாரதியின் குயில் பாட்டிலும் பாடுவது பெண்குயில்தான். கவிதைக்கு அந்த உரிமை உண்டு. அதை உயிரியற் பாடமாக எடுத்துக்கொண்டது நமது குற்றம்.

பையன் வாதாடவில்லை. "விடியக்குள்ள வந்து பாருங்க சேர்" என்றான்.

சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் சில நாட்களே இருந்தன. வேம்பின் உச்சியில் காகக் கூடு. அருகே, கரிய மேனியும் செங்கண்ணுமாக ஓர் ஆண்குயில். அதன் கூவல் படிக்குப் படி உயர்ந்தது. காகங்கள் சீறிக்கொண்டு அதைத் துரத்தின. இலைமறைவிலே பழுப்பு உடலில் வெண்புள்ளி தெளித்த பெண்குயில்! 'கிக் கிக்' என்ற கூர்மையான ஒலி மட்டுமே அதனிடமிருந்து வந்தது.

"கறுப்பன் காகத்தைக் கூட்டிக்கொண்டு போவான். புள்ளிக்காரி முட்டையிட்டிருவாள்" என்றான் பையன். பிறகு கேட்டான்: "காகம் வளர்த்த குஞ்சு ஏன் சேர் கரையிறதில்ல?"

நாம் விழித்தோம். விடையைப் பிற்பாடுதான் தேடிப் படித்தோம். குயிலின் கூவல் பிறப்போடு வருவது. எவர் கூட்டில் வளர்ந்தாலும் மாறாது. வேலியிலிருந்து சீழ்க்கையடிக்கும் குண்டுக்கரிச்சான் போன்ற பாடும் பறவைகளோ மூத்தவற்றைக் கேட்டுக் கேட்டே பாடப் பழகுகின்றன. வேடிக்கை என்னவெனில், விஞ்ஞானிகள் பாடும் பறவைகளின் வரிசையில் காகத்தைச் சேர்த்திருக்கிறார்கள். குயிலுக்கு அங்கே இடமில்லை!

இலங்கைப் பறவைகளைப் பற்றி ஜி. எம். ஹென்றி 1955 இல் வெளியிட்ட சிறந்த நூல் ஆங்கிலத்தில் இருக்கிறது. அவனுக்கு ஆங்கிலம் எட்டாது. சோளன் காக்கும் பரணில் உறக்கம் விழித்துக் கற்றதையே அவன் விடைத்தாளில் எழுதினான். அதைத்தான் நாம் வெட்டினோம்.

விடுமுறை கழிந்ததும் அந்த விடைத்தாளைக் கேட்டு வாங்கி, வெட்டிய வரியின் அருகே 'சரி' என்று எழுதினோம். தேர்ச்சி அறிக்கை முன்னரே வீடுகளுக்குப் போய்விட்டது. அதிலிருந்த புள்ளி அப்படியே இருந்தது.