பன்னிரண்டு மில்லிமீட்டர்

1/16 அளவு டாங்கி கிட்டுகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று ரிமோட்டோடு வரும், பெட்டியிலிருந்து எடுத்ததும் ஓடும். இன்னொன்று ஒட்டி, பெயிண்ட் அடித்து, கண்ணாடி அலமாரியில் வைப்பதற்கு. நான் ரிமோட்டில் ஓட வைக்க நினைத்தது இரண்டாவது வகையை. ஜப்பானியரின் டைப் 95 ஹா-கோ. 1942 ஜனவரியில் சிலிம் ரிவர் சாலையில் வந்தவற்றில் இந்த ரகமும் இருந்தது.

அலமாரிக்காகச் செய்த கூடு மோட்டாரையும் கியர்பாக்ஸையும் பேட்டரியையும் உலோக டிராக்கையும் தாங்காது. ஆகவே முதல் வேலை ஹல்லைக் கெட்டிப்படுத்துவது.

கெட்டிப்படுத்துவது என்றதும் எல்லாருக்கும் தோன்றுவது, உள்ளே இன்னொரு ஷீட் ஒட்டித் தடிமனாக்குவது. அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. எந்த விசை எங்கிருந்து புறப்பட்டு எங்கே போகிறது? ஹா-கோவில் மோட்டார் சுழற்றும் பல்சக்கரம் முன்னால் இருக்கும். அது டிராக்கை இழுக்கும்போது, பின்னால் இருக்கும் வெற்றுச்சக்கரமும் முன்னோக்கி இழுபடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒன்றரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் சுவர்தான். வண்டி கல்லில் ஏறினால் முழுக்கூடும் முறுக்கிக்கொள்ளும். மூடி இல்லாத ஷூ டப்பாவை இரண்டு கையாலும் முறுக்கிப் பாருங்கள், சுலபமாகத் திரும்பும். மூடியைப் போட்டு ஓரமெல்லாம் டேப் ஒட்டிவிட்டு முறுக்கிப் பாருங்கள். அட்டையின் தடிமன் மாறவில்லை. ஆனால் டப்பா அசையாது.

உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் நாலு வருஷம் மெக்கானிக்கல் படித்து எனக்கு உருப்படியாக மனதில் தங்கிய பாடம் இதுதான். இப்போது ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் பிராக்கெட் வரைகிறேன். வரைந்ததில் பாதி யார் கைக்குப் போகிறது என்றே தெரியாது. இந்தக் கூட்டில்தான் படித்ததைக் கையால் தொட முடிந்தது.

ஹார்ட்வேர் கடையில் ஒன்றரை மில்லிமீட்டர் அலுமினியத் தகடும், இரண்டு எல்-ஆங்கிளும் வாங்கினேன். தகடு தரையில் உட்கார்ந்தது. ஆங்கிள்கள் இரு பக்கச் சுவரோடும் நீளவாக்கில் போயின. கியர்பாக்ஸும் வெற்றுச்சக்கரத்தின் அச்சும் பிளாஸ்டிக்கில் இல்லாமல் நேராக ஆங்கிளில் பூட்டப்பட்டன. டிராக் எவ்வளவு இழுத்தாலும் விசை அலுமினியம் வழியாகவே சுற்றி வரும். பின்பக்கம் இடது சுவரையும் வலது சுவரையும் 3 மில்லிமீட்டர் மரைக்கம்பி ஒன்று இழுத்துப் பிடிக்கிறது. கடைசியாக மேல்கூட்டை ஆறு இடத்தில் ஸ்க்ரூ போட்டு இறுக்கினேன். டப்பாவுக்கு மூடி வந்துவிட்டது.

எபோக்ஸி ஊற்றி எல்லாவற்றையும் ஒரேயடியாக ஒட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நம்ம ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. சூடு ஏறினால் பாலிஸ்டைரீன், அலுமினியத்தைவிட மூன்று மடங்கு நீளும். காருக்குள் முப்பது டிகிரி கூடினால், 27 சென்டிமீட்டர் கூட்டில் இரண்டுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர். முழுக்க ஒட்டினால் ஒன்று பசை விடும், இல்லாவிட்டால் சுவர் கோணும். அதனால் முன்பக்கம் மட்டும் இறுக்கமான ஸ்க்ரூ. பின்பக்கம் நீள்துளை, கொஞ்சம் நகர இடம்.

இதெல்லாம் நடந்தது வீட்டுச் சாப்பாட்டு மேசையில். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. மேசை அழுக்காகிறது என்பதற்காக இல்லை.

“உங்க பாட்டியோட அப்பாவ கொண்டுபோனவன் வண்டிய, அவங்க கண்ணு முன்னாலயே செய்வியா?”

பாட்டிக்குத் தொண்ணூறு வயது. சிலிம் ரிவர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். டாங்கிகள் வந்தபோது ஏழு வயது. 1942, 43இல் 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதைக்காக மலாயாவிலிருந்து கொண்டுபோகப்பட்ட பல்லாயிரக்கணக்கான தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களில் அவருடைய அப்பாவும் ஒருவர். திரும்பி வரவில்லை. ஒரு போட்டோகூட இல்லை.

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் சின்ன வயதிலிருந்து என் மனதில் அந்த டாங்கி ஒரு மலை மாதிரி இருந்தது. யாராலும் நிறுத்த முடியாத இரும்பு. அது உண்மையில் எவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

அளவுகளைப் பார்த்தேன். எடை 7.4 டன். இன்றைய லாரிகள் பல அதைவிடக் கனம். உள்ளே மூன்று பேர். கவசத்தின் அதிகபட்சத் தடிமன் 12 மில்லிமீட்டர். பதினாறால் வகுத்தால் முக்கால் மில்லிமீட்டர். அதாவது, என் கிட்டின் பிளாஸ்டிக் சுவர் அளவுக்கணக்கில் நிஜ டாங்கியின் கவசத்தைப் போல இரண்டு மடங்கு தடிமன். நான் கெட்டிப்படுத்துவதற்கு முன்பே!

பாட்டியே ஒருநாள் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். “இதுதானா அது?” என்றார். ஆமாம் என்றேன். ஸ்டீல் ரூலரில் 12 மில்லிமீட்டரைக் காட்டி, “பாட்டி, அதோட இரும்பு இவ்ளோதான்” என்றேன். தன் சுண்டுவிரலைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“இவ்ளோதானா?”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: “டேங்கி ஒரே ராத்திரியில ரோட்டுல போயிடுச்சுய்யா. லயத்துல எல்லாரும் கதவ சாத்திட்டுக் கெடந்தோம். காலைல பால் மரம் அப்படியேதான் நின்னுச்சு. அப்புறம் ஒருநாள் கிராணி நோட்டு பொஸ்தகம் எடுத்துக்கிட்டு வந்து பேரு வாசிச்சாரு. எங்கப்பா பேரு நாலாவது. அந்த நோட்டு இதவிட மெல்லிசு.”

அம்மா அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு மேசையைப் பற்றிப் பேச்சே வரவில்லை.

சிலிம் ரிவரில் நடந்ததை அதற்கப்புறம் வேறு மாதிரிதான் படிக்க முடிந்தது. ஜனவரி 7, விடிவதற்கு முன்னால், நிலா வெளிச்சத்தில் துரோலாக்கிலிருந்து டாங்கிகள் பெருஞ்சாலையிலேயே இறங்கின. எதிரே இருந்த 11வது இந்திய டிவிஷன் ஜித்ராவிலிருந்து வாரக்கணக்காகப் பின்வாங்கித் தூங்காமல் நின்றது. அவர்களிடம் ஒரு டாங்கிகூட இல்லை. காலைக்குள் பாலம் போய்விட்டது. 11ஆம் தேதி கோலாலம்பூர். 12 மில்லிமீட்டர் கவசம் துப்பாக்கித் தோட்டாவைத் தடுக்கும், பீரங்கிக் குண்டைத் தடுக்காது. தெற்கே சில மைல் தள்ளி ஒரு ஹோவிட்சர் குழு மிக அருகிலிருந்து நேராகச் சுட்டபோது முன்னால் வந்த டாங்கி நின்றுவிட்டது. அதுவரை அதை நிறுத்தும்படியாக எதுவும் சரியான நேரத்தில் சரியான இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு கூடு பலமானதா என்பதை அதன் தடிமன் மட்டும் சொல்வதில்லை. எதிரே என்ன இருக்கிறது, விசை எந்த வழியாக வந்து சேர்கிறது என்பதும் சேர்ந்துதான் சொல்கிறது. பாட்டியின் வீட்டுக்கு விசை சாலை வழியாக வரவில்லை. பெயர்ப்பட்டியல் வழியாக வந்தது. அந்த இடத்தில் அவர்களுக்கு ஆங்கிளும் இல்லை, மரைக்கம்பியும் இல்லை. பேர் எழுதாதே என்று சொல்லக்கூடிய ஒருவர் இருந்திருந்தால் அதுதான் கவசம்.

டாங்கி இப்போது ஓடுகிறது. எடை 1.8 கிலோவுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். 7.4 டன்னை 16இன் கனமான 4096ஆல் வகுத்தால் அதுதான் வரும். பக்கத்துத் திடலில் மேடு பள்ளமெல்லாம் ஏறி இறங்கியும் கூடு கோணவில்லை. அலுமினியம் வெளியே தெரியாது. தெரிகிற இடத்தில், அதாவது டிரைவரின் முன்மூடி விளிம்பில், பிளாஸ்டிக்கை உப்புத்தாளால் தேய்த்து முக்கால் மில்லிமீட்டருக்குக் கொண்டுவந்திருக்கிறேன். திறந்து பார்ப்பவர்களுக்கு நிஜக் கவசம் எவ்வளவு என்று தெரியட்டும். கையில் எடுப்பவர்களிடம் ஒன்றே ஒன்றுதான் சொல்வேன்: அந்த மூடியை மட்டும் அழுத்தாதீங்க, உடைஞ்சிடும்.