பீரங்கிக்கு மசியாத சுவர்... மண்வெட்டிக்கு விழுந்த கதை!

மதுரைக்குப் போய்வந்தவர்களில் பெரியார் பேருந்து நிலையத்தை மிதிக்காதவர்கள் குறைவு. அதை ஒட்டி, மேல வெளி வீதியோரம் நிற்கும் பழைய கற்சுவரை நின்று பார்த்தவர்கள் அதைவிடக் குறைவு. ஏதோ பழைய கட்டடத்தின் மிச்சம் என்று பலரும் கடந்துபோகிறார்கள். உண்மையில் அது, ஒரு நகரத்தையே சுற்றி நின்ற கோட்டைச் சுவரின் மிச்சம்!

திருப்பூரில் பவர் டேபிள் டெய்லராக இருக்கும் நாற்பத்தாறு வயதுக்காரர் ஒருவரும் அப்படிக் கடந்துபோனவர்தான். பிறந்தது மதுரை. பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. "தீபாவளி, பொங்கல்னு எத்தனை தடவை இந்த வழியா போயிருப்பேன்... ஒருநாளும் நின்னதில்லை" என்கிறார்.

சமீபத்தில் ஒருநாள் நின்றார். அதற்குக் காரணம் ஒரு பத்திரப்பதிவு.

ஒன்றேகால் சென்ட் வீடு

பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம், ஒரு சந்துக்குள் அவருடைய பூர்வீக வீடு. மொத்தமே ஒன்றேகால் சென்ட். அண்ணன், தங்கை, இவர் என மூன்று பங்கு. பக்கத்தில் உள்ள ஜவுளிக்கடைக்காரர் குடோனுக்காகக் கேட்டார். அண்ணனுக்கு மகள் கல்யாணச் செலவு. இவருக்கோ திருப்பூரில் வாடகை லைன் வீட்டிலிருந்து வெளியேறி, இரண்டு சென்ட் இடமாவது வாங்கிவிட வேண்டும் என்ற ஆசை. விற்பது என்று முடிவானது.

கையெழுத்துப் போடப் புறப்பட்டவர், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகளையும் கூட்டிக்கொண்டார். தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாக ஆரப்பாளையம் வந்து இறங்கினார்கள். வீட்டுக்குப் போனதும் அத்தை, "என்னண்ணே, உன் மக வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுறா... முழுசா கொங்குநாட்டுப் பிள்ளையாவே ஆயிட்டாளே!" என்று சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏனுங்கப்பா, இந்த வீட்டையும் வித்துட்டா அப்புறம் நமக்கு எது ஊருங்க?" என்று கேட்டாள்.

அவரிடம் பதில் இல்லை. பதிவு அலுவலகத்தில் டோக்கன் மதியத்துக்குத்தான். "வா, ஒண்ணு காட்டுறேன்" என்று அவளை அழைத்துக்கொண்டு அந்தச் சுவரிடம் வந்தார். சின்ன வயதில் அவருடைய அப்பத்தா சொன்ன ஒரு சங்கதி நினைவுக்கு வந்திருந்தது: 'நம்ம வீடே கோட்டைக்கு மேலதான்டா நிக்குது!'

அப்பத்தா சொன்னதில் பெரிய பிழை ஒன்றும் இல்லை.

மொராக்கோ பயணியும் மதுரைப் புளியும்

மதுரையைச் சுற்றிக் கோட்டை என்பது பாண்டியர் காலத்திலேயே இருந்தது. 14-ம் நூற்றாண்டில் சுமார் நாற்பது ஆண்டுகள் இங்கே சுல்தான்கள் ஆண்டார்கள். அப்போது இந்த ஊருக்கு வந்தார் ஒரு 'மூர்'. வட ஆப்பிரிக்காவிலும் ஸ்பெயினிலும் வாழ்ந்த முஸ்லிம்களை ஐரோப்பியர்கள் அழைத்த பெயர் அது. வந்தவர், மொராக்கோவின் டாஞ்சியர் நகரில் பிறந்து, உலகத்தின் பாதியைச் சுற்றிய இபின் பதூதா! மதுரை சுல்தானின் குடும்பத்தோடு அவருக்குத் திருமண உறவு உண்டு.

அவர் வந்தபோது மதுரையில் கொள்ளைநோய். நோய் கண்டவர்கள் இரண்டு மூன்று நாள்களில் இறந்தார்கள். சுல்தானின் வீட்டிலேயே சாவுகள் விழுந்தன. தனக்கும் காய்ச்சல் கண்டதாகவும், புளியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்ததும் வயிறு போய்க் குணமானதாகவும் பயணக் குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். சோழன், பாண்டியன் என்று மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு, மதுரைப் புளித்தண்ணீர் குடித்துப் பிழைத்த மொராக்கோக்காரரின் கதை கட்டாயம் பிடிக்கும்.

ஆனால், அவர் பார்த்த சுவர் இப்போது நிற்கும் இந்தச் சுவர் அல்ல. 16-ம் நூற்றாண்டில் விசுவநாத நாயக்கர் பழைய பாண்டியர் கோட்டையை இடித்துவிட்டு, நகரை விரித்து, அதைச் சுற்றி இரட்டைச் சுவரும் அகழியுமாகப் புதுக்கோட்டை கட்டினார். அதில் 72 கொத்தளங்கள். ஒவ்வொன்றையும் காக்கும் பொறுப்பு ஒரு பாளையக்காரருக்கு என்பது வழிவழியாக வரும் செய்தி. கீழவாசல், தெற்குவாசல், மேலவாசல் என்று இன்றைக்கும் மதுரைக்காரர்கள் சொல்வது அந்தக் கோட்டையின் வாசல்களைத்தான். வாசல்கள் போய்விட்டன. பெயர்கள் டவுன் பஸ் போர்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன!

உள்ளிருந்து விழுந்த கோட்டை

இந்தச் சுவர் எவ்வளவு உறுதியானது என்பதை ஆங்கிலேயர்களிடம்தான் கேட்க வேண்டும். மருதநாயகம் என்று நாம் அறிந்திருக்கும் யூசுப் கான், கம்பெனியின் தளபதியாக இருந்து, பின்னர் அதையே எதிர்த்து மதுரைக் கோட்டைக்குள் நின்றார். 1763-ல் முற்றுகையிட்ட படை, மழைக்காலத்தில் வெறுங்கையோடு திரும்பியது. 1764-ல் மேஜர் சார்லஸ் கேம்ப்பெல் தலைமையில் மறுபடி வந்தது. ஜூன் மாத நேரடித் தாக்குதலும் தோற்றது. பிறகு, கோட்டைக்குள் தானியம் போகும் வழிகளை அடைத்துக் காத்திருந்தார்கள்.

சுவர் விழவில்லை. ஆனால், அக்டோபர் 13-ம் தேதி, தொழுகையில் இருந்த யூசுப் கானை அவருடைய ஆட்களே பிடித்துக் கட்டி ஒப்படைத்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தூக்கிலிடப்பட்டார். சம்மட்டிபுரத்தில் இருக்கிறது அவரது அடக்கத்தலம்.

அந்தச் சுவரை வீழ்த்தியவர் எழுபது ஆண்டுகள் கழித்து வந்தார். கையில் பீரங்கி இல்லை. 1834 முதல் 1847 வரை மதுரை கலெக்டராக இருந்த பிளாக்பர்ன்தான் அவர். சுவருக்குள் ஊர் நெரிந்துகிடந்தது. அகழியில் தண்ணீர் தேங்கி நோய் பரவியது. அவர் செய்தது ஓர் அறிவிப்பு: சுவரை இடித்து அகழியைத் தூர்ப்பவர்களுக்கு அந்த இடமே சொந்தம்!

அவ்வளவுதான். ஊரே மண்வெட்டியும் கடப்பாரையுமாக இறங்கியது. மாசி வீதிகளுக்கும் வெளி வீதிகளுக்கும் நடுவே சுவரும் அகழியும் இருந்த இடம் வீடுகளாகவும் தெருக்களாகவும் மாறியது. அளந்து கொடுத்த மாரட் பெயரில் ஒரு வீதி. வேலையை மேற்பார்த்த பெருமாள் மேஸ்திரி பெயரில் ஒரு வீதி. கலெக்டருக்கு நன்றி சொல்லி ஊர்க்காரர்கள் வைத்த தூண்தான், இன்று ஜவுளிக்கடைகளுக்கு நடுவே நிற்கும் விளக்குத்தூண்.

இதைக் கேட்ட டெய்லர், தன் தொழில் பாஷையில் சொன்னார்: "செயின் தையலைப் பலம் கொண்டு இழுத்தா பிரியாது, துணிதான் கிழியும். சரியான நூலைக் கண்டுபிடிச்சு இழுத்தா, சரசரன்னு மொத்தமும் வந்துடும். அந்தக் கலெக்டர் நூலைக் கண்டுபிடிச்சுட்டார்!"

விட்டுவைத்ததும் விட்டுப்போனதும்

உலகம் முழுக்க நகரச் சுவர்களின் கதை ஏறக்குறைய இதுதான். ஸ்பெயினின் மாட்ரிட் நகரில், 9-ம் நூற்றாண்டில் அமீர் முதலாம் முகமது எழுப்பிய சுவரின் ஒரு துண்டு இன்னும் மிச்சம். அதைச் சுற்றிப் பூங்கா அமைத்து, அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். மதுரையிலும் பாண்டியர் கோட்டையின் கிழக்கு வாசல் ஒன்று, மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே தப்பித்து நிற்கிறது. இடிக்காமல் விட்டதால் மக்கள் அதற்கு வைத்த பெயர், விட்டவாசல்!

மேல வெளி வீதிச் சுவருக்கு அப்படிச் செல்லப்பெயர் எதுவும் இல்லை. மகள் அதன் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். "இதுல இருந்து எடுத்த கல்லுங்களா நம்ம ஊட்ல இருக்கறது?" என்றாள். அப்பத்தா அப்படியும் சொன்னதுண்டு. வாசப்படியாகக் கிடக்கும் கருங்கல், கோட்டையிலிருந்து வந்த கல் என்று. அது மெய்யா என்பதற்கு அத்தாட்சி எதுவும் அவரிடம் இல்லை. ஆனால், ஐந்து தலைமுறைக் கால்கள் மிதித்து நடுவில் குழிந்துபோன கல் அது. அதற்கு அத்தாட்சி வேண்டியதில்லை.

மதியம் பதிவு முடிந்தது. பணத்தை வங்கியில் போட்டார்கள். தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாம் முடிந்து கிளம்பும்போது அவர் ஜவுளிக்கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: "அண்ணாச்சி, அந்த வாசப்படிக் கல்லை மட்டும் நான் எடுத்துக்கவா?"

"எப்படியும் இடிக்கத்தான் போறோம். தாராளமா எடுத்துக்கங்க" என்றார் அவர்.

திருப்பூர் போகிற பார்சல் லாரி ஷெட்டில், பில் போடுபவர் பேனாவோடு யோசித்தாராம். "இதை என்னன்னு எழுதுறது?" கடைசியில், 'வீட்டுச் சாமான்' என்று எழுதினார்.

திருப்பூரில் இரண்டு சென்ட் இடத்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது. இன்னும் கடைக்கால் எடுக்கவில்லை. அதுவரை அந்தக் கல், லைன் வீட்டின் முன்னால், தண்ணீர்க் குடங்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. வாடகை வாங்க வந்த வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "ஏம்மணி, இந்தக் கல்லு எதுக்கு?" என்று கேட்டிருக்கிறார்.

மகள்தான் பதில் சொன்னாளாம்.

"எங்க ஊட்டு வாசப்படிங்க."