இறங்குதல்

'சிறகு' என்ற சொல்லை என் கவிதைகளில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன் என்று ஒருநாள் எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டேன். அந்தக் கவிதைகளில் பறந்துபோனவள் எங்கே, எப்படித் தரைக்கு வந்தாள் என்பதே இல்லை.

நாற்பத்து மூன்றாம் வயதில் இமாச்சலப் பிரதேசத்தின் பீர் கிராமத்தில் பாராகிளைடிங் பயிற்சியில் சேர்ந்தேன். ஊருக்கு மேலே பில்லிங், ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரம். 2015இல் உலகக் கோப்பைப் போட்டி நடந்த இடம். சரிவில் ஓடினால் துணி தூக்கிவிடுகிறது. பயிற்றுநர் பெரும்பாலும் பேசியது இறங்குவதைப் பற்றித்தான். இருபத்தாறு வயதுப் பெண். என்னை 'தீதி' என்பாள்.

அவள் சொன்ன முதல் கதை ஈவா விஷ்னியெர்ஸ்காவுடையது. 2007 பிப்ரவரியில் ஆஸ்திரேலியாவின் மனிலா அருகே பறந்த ஜெர்மன் அணி வீராங்கனை. இடிமேகம் அவரை உள்ளே இழுத்து 9,946 மீட்டர் வரை கொண்டுபோனது. நினைவிழந்து, உடலில் பனி உறைந்து, எப்படியோ உயிரோடு தரைக்கு வந்தார். அதே புயலில் சீன வீரர் ஒருவர் இறந்தார். "மேகம் பிடித்துவிட்டால் எந்த வித்தையும் பலிக்காது, தீதி. அதற்கு முன்பே இறங்கத் தீர்மானித்துவிட வேண்டும்."

எல்லோரும் முதலில் கற்பது 'பெரிய காதுகள்'. இருபுறமும் முன்வரிசையின் கடைசிக் கயிறுகளை இழுத்தால் இறக்கையின் ஓரங்கள் யானைக் காதுபோல் மடிந்து தொங்கும். பரப்பு குறையும். நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் இறங்கிக்கொண்டிருந்தது மூன்று மீட்டர் வரை போகும். பிறகு காலால் வேகக்கம்பியை மிதிக்க வேண்டும். கைகள் கயிற்றைப் பிடித்திருப்பதால் திரும்புவதற்கு இடுப்பைச் சாய்க்க வேண்டும். சுருளாகச் சுழன்று இறங்குவது இன்னும் வேகம். ஆனால் ரத்தம் தலையிலிருந்து வடிந்து கண் இருட்டும், மயக்கமும் வரலாம். அதை நான் செய்ததில்லை. செய்ய ஆசையும் இல்லை.

ஒவ்வொரு இறக்கைக்கும் எடை வரம்பு உண்டு. வரம்புக்குக் குறைந்தவரை அது சுலபமாக மேலே தூக்கும். கீழே விட மனம் வராது. எதிர்காற்றில் முன்னேறவும் செய்யாது. பள்ளியிலிருந்த மிகச் சிறிய இறக்கைக்கே என் நாற்பத்தெட்டுக் கிலோ போதவில்லை. ஆண் உடலை அளவாக வைத்து வாங்கியவை. தண்ணீர்ப் பைகளைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்கள். போட்டிகளிலும் எடை குறைந்த பெண்கள் இப்படிப் பாரம் ஏற்றிக்கொள்வது வழக்கம்தான். தண்ணீர் சுமக்கும் வேலை ஆகாயத்திலும் நம்மை விடவில்லை. அடுத்த ஆண்டு என் எடைக்கேற்ற பழைய இறக்கை ஒன்றை வாங்கிவிட்டேன். அதன் விலையைக் கேட்ட உறவினர் ஒருவர், அந்தப் பணத்தில் எத்தனை பவுன் வாங்கியிருக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்.

அதைப் பராமரிப்பதில் எனக்கு அதிகம் கற்றுத்தர வேண்டியிருக்கவில்லை. அம்மா பட்டுப்புடவைகளை நிழலில் ஆறவிட்டு, மடிப்பு மாற்றி வைப்பாள். ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை இற்றுவிடும். நைலான் இறக்கைக்கும் வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் இழையைத் தின்றுவிடும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். உள்ளே வெட்டுக்கிளி மாட்டிக்கொண்டால் துணியைக் கடித்துத் துளைக்கும். கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் உருவிப் பார்க்க வேண்டும். முடிச்சு, உறை பிய்ந்த இடம், கொக்கி அருகே தேய்மானம். வீட்டில் இறுக்கிக் கட்டாமல் தளர்வாக வைத்திருக்கிறேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. இங்கே எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும்: பறந்த மணிநேரம், சோதித்த நாள், சோதித்தவர் கையெழுத்து. அம்மா நாற்பது ஆண்டுகள் செய்ததற்கு அப்படி ஓர் ஏடு இல்லை. புடவைகள் நன்றாக இருந்தபோது 'அந்தக் காலத்துப் பட்டு' என்று நெசவைத்தான் பாராட்டினார்கள்.

அவசரப் பாராசூட்டையும் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை பிரித்து, காற்றாட விட்டு, மறுபடி மடிக்க வேண்டும். மடித்தே கிடந்தால் வேண்டிய நேரத்தில் தாமதமாக விரியும். எனக்கு அது மார்ச்சில் வருகிறது, கல்லூரியில் உள்மதிப்பீட்டுத் தேர்வு நடக்கும் மாதம். மூன்று நாள் விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று போடாமல், உள்ளதையே எழுதினேன்.