நோட்டுல யாருக்கு எந்த இடம்

ரெண்டு வாரமா இங்க எதுவும் எழுதல. ஒரு நீள நோட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தேன்.

எங்க தோட்டம் திருவையாறு பக்கம், ரெண்டு ஏக்கர் பூவன் வாழை. தாரை விட இலைதான் எங்களுக்குச் சோறு போடுது. டவுன்ல இருக்கிறவங்களுக்கு வாழை இலைன்னா எல்லாம் ஒண்ணுதான். எங்களுக்கு அது மூணு சரக்கு. கல்யாணப் பந்திக்கும் ஹோட்டல் சாப்பாட்டுக்கும் நுனி இலை, மெஸ்ஸுக்கு ஏடு, காத்துல கிழிஞ்சது பார்சல் மடிக்க. 2019 ஜனவரியில பிளாஸ்டிக் தாளுக்குத் தடை வந்ததுக்கு அப்புறம் கிழிசலைக் கூட ஆள் தேடி வந்து கேக்கிறாங்க.

வாடிக்கை நாலு பேர். ஒரு சமையல் கான்ட்ராக்டர், முகூர்த்த மாசத்துல இருபதாயிரத்துக்கு எடுப்பார். ஒரு ஹோட்டல், மாசம் பன்னண்டாயிரம். மெஸ் நடத்துற அக்கா, தினம் இருநூத்தம்பது ரூபா. கடைசியா டிபன் கடை பாய், மாசம் ஆயிரத்து ஐநூறு வந்தா பெருசு.

இதுல யாரு பெரியவருன்னு கேட்டா, போன வருஷம் வரைக்கும் யோசிக்காம கான்ட்ராக்டர்னு சொல்லியிருப்பேன். அவர் வண்டி வந்து நின்னா காபி போடச் சொல்லி வீட்டுக்குள்ள குரல் குடுப்பேன். மெஸ் அக்காவை ஒரு நாளும் உக்காரச் சொன்னதில்ல. அவங்க டிவிஎஸ் ஃபிப்டியில வந்து கட்டை வாங்கி, காசை எண்ணிக் குடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பாங்க.

எங்க ஊர் சொசைட்டியில அறுபதாயிரம் பயிர்க்கடன் வாங்கியிருந்தேன். தவணைத் தேதிக்குள்ள கட்டினா வட்டி கிடையாது, தேதி தாண்டினா வட்டியோட கட்டணும். தேதி ஆடி கடைசியில. வைகாசி, ஆனி முகூர்த்தத்துக்கு எடுத்த இலைக்குக் கான்ட்ராக்டர் கிட்ட நாப்பதாயிரத்துக்கு மேல நின்னுச்சு. போன் பண்ணினேன். "அண்ணே, ஆடியில எனக்கு ஏது வேலை? ஆவணி வரட்டும், மொத்தமா செட்டில் பண்ணிடறேன்"னார். நானும் சரின்னுட்டேன். கையில இருந்ததையும், வீட்ல சீட்டு எடுத்ததையும் சேத்து, பதினோரு நாள் கழிச்சுக் கொண்டு போய்க் கட்டினேன். நாலாயிரத்துச் சொச்சம் வட்டி.

அந்த ரசீதைப் பாத்துட்டுத்தான் என் மகள் நோட்டைத் தூக்கிட்டு உக்காந்துச்சு. தஞ்சாவூர்ல ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு எழுதுது. ஒவ்வொரு பேருக்கு நேரா ரெண்டு கட்டம் போட்டுச்சு. ஒண்ணுல வருஷத்துக்கு எவ்வளவு எடுக்கிறாங்க, இன்னொண்ணுல இலை போன நாளுக்கும் காசு வந்த நாளுக்கும் நடுவுல எத்தனை நாள்.

முதல் கட்டத்துலயே எனக்கு ஒரு அதிர்ச்சி. கான்ட்ராக்டர் எட்டு மாசந்தான் அப்படி எடுக்கிறார், வருஷத்துக்கு ஒரு லட்சத்து அறுபதாயிரம். ஹோட்டல் பன்னண்டு மாசமும் எடுத்து ஒரு லட்சத்து நாப்பத்து நாலாயிரம். வித்தியாசம் வெறும் பதினாறாயிரம்! மெஸ் அக்கா தொண்ணூறாயிரம்.

ரெண்டாவது கட்டத்துல அக்காவுக்குச் சைபர். ஹோட்டல்ல மாசக் கணக்கு, அடுத்த மாசம் பத்தாம் தேதி வங்கியில விழுந்துடும். கான்ட்ராக்டருக்குச் சராசரி எழுபத்தஞ்சு நாள்.

"மாசம் இருபதாயிரம், ரெண்டரை மாசம் லேட்டுன்னா, சீசன்ல எப்பவும் உன் காசு அம்பதாயிரம் அவர்கிட்டதாம்பா இருக்கும்"னுச்சு. ரெண்டு வட்டிக்குப் போட்டாலும் மாசம் ஆயிரந்தானே, இருபதாயிரம் வியாபாரத்துல அது ஒரு பெருசான்னு நான் வாதாடினேன். அதுக்கு அது பதில் சொல்லல. சொசைட்டி ரசீதை நோட்டு மேல வச்சுட்டு எழுந்து போயிடுச்சு.

கடைசியில ஹோட்டல் முதல், அக்கா ரெண்டு, கான்ட்ராக்டர் மூணு, பாய் நாலு.

பாய் இடத்துல மட்டும் எனக்கு மனசு ஒப்பல. எடுக்கிறதும் கம்மி, காசும் கை வரும்போதுதான். ஆனா 2020 ஊரடங்குல கல்யாணம் இல்ல, மெஸ் இல்ல, இலையை அறுத்து மாட்டுக்குப் போட்டுக்கிட்டு இருந்தோம். பார்சல் மட்டும் போட்டுக்கிட்டு இருந்த பாய், அம்பது இலை போதுங்கிற எடத்துல நூறு வாங்கினார், அன்னன்னிக்கே காசு. இதை எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு மகளைக் கேட்டேன். "அதை நீ ஞாபகத்துல வச்சுக்கப்பா, நோட்டுல வேணாம்"னுச்சு.

ஆவணி வந்துச்சு. ஆடிக் காத்து இலையைச் சீப்பு மாதிரி கிழிச்சுப் போட்டிருந்ததால சரக்கு தட்டுப்பாடு. பெரிய முகூர்த்தத்துக்கு முதல் நாள் அறுத்ததுல நுனி இலை அறுநூறுதான் தேறிச்சு. கான்ட்ராக்டர் கேட்டதும் அறுநூறு. ஹோட்டலுக்கு இருநூறு எடுத்து வச்சுட்டு, "நானூறு இருக்கு, காசு குடுத்துட்டு எடுத்துக்கங்க"ன்னேன். சொல்றப்போ எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. "பத்து வருஷப் பழக்கத்துக்கு இதாண்ணே மரியாதையா?"ன்னு கத்தினார். கத்திட்டு எண்ணிக் குடுத்தார். அவருக்கும் கல்யாண வீட்டுக்காரங்க பாக்கி வச்சுத்தான் குடுக்கிறாங்கன்னு எனக்குத் தெரியும். பழைய பாக்கி இன்னும் பதினெட்டாயிரம் நிக்குது.

இந்தச் சூட்டோட மறுநாள் பொட்டாஷ் வாங்க உரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் உள்ள மூட்டை எடுக்கப் போயிருந்தார், கடன் நோட்டு மேசையில திறந்து கெடந்துச்சு. சில பேருக்குப் பக்கத்துல சிவப்பு மையில சுழி. என் பேருக்கு ரெண்டு சுழி. பாக்கி எட்டாயிரத்து நானூறு, நாலு மாசமா நிக்குது. ஆவணியில தரேன்னு நான்தான் சொல்லியிருந்தேன்.

பையில கான்ட்ராக்டர் குடுத்த காசு இருந்துச்சு. மூவாயிரத்தை எடுத்து மேசையில வச்சேன். அவர் வரவு எழுதிக்கிட்டார். சுழியை அடிக்கல. நானும் கேக்கல.