சொந்தக் குரலில் ஒரு பரீட்சை

பிரியங்கா சோப்ராவை இந்தி ரசிகர்களுக்கு முன்பே கேட்டவர்கள் தமிழர்கள். 2002இல் வெளியான 'தமிழன்'தான் அவரது முதல் படம். கதாநாயகன் விஜய்யுடன் சேர்ந்து அதில் ஒரு டூயட்டையும் பாடினார். இசையமைப்பாளர் டி. இமானுக்கும் அதுவே முதல் படம். பாட்டு ஹிட்டானது. பாடிய நடிகையோ மும்பைக்குப் போய் நட்சத்திரமானார். பாட்டு அதோடு நின்றது.

பத்து வருடங்களுக்குப் பிறகு மீண்டும் மைக் முன் நின்றபோது தமிழும் இல்லை, இந்தியும் இல்லை. 2012 செப்டம்பரில் வெளியான 'இன் மை சிட்டி' ஓர் ஆங்கிலப் பாட்டு. உடன் பாடியவர் அமெரிக்கப் பாடகர் வில்.ஐ.ஆம். அமெரிக்கக் கால்பந்தின் வியாழக்கிழமை ஆட்டங்களுக்கு முன்னோட்டப் பாடலாக அது ஒளிபரப்பானது. கோடிக்கணக்கான வீடுகளில் மாலை நேரத்தில் தெரியும் முகம். ஒரு புதுப் பாடகிக்கு இதைவிடப் பெரிய மேடை கிடைக்காது.

நடிகர்கள் பாடுவது புதிதல்ல. 1996லேயே அமிதாப் பச்சன் 'ஏபி பேபி' என்ற ஆல்பம் போட்டார். ஆனால் அமிதாபின் ரசிகர்கள் உள்ளூரில் தயாராகக் காத்திருந்தார்கள். பிரியங்கா போன இடத்தில் அவரை யாருக்கும் தெரியாது. உலக அழகிப் பட்டம், 'ஃபேஷன்' படத்துக்கான தேசிய விருது எதுவும் அங்கே செல்லுபடியாகாது. முப்பது வயதில், பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்லி அறிமுகம் செய்துகொள்ள வேண்டும்.

அந்த நாடு அவருக்குப் புதிதும் அல்ல. பள்ளி வயதில் சில வருடங்கள் அங்கே உறவினர் வீட்டில் தங்கிப் படித்தவர். தோலின் நிறத்தைச் சொல்லி சக மாணவிகள் செய்த கேலியைத் தாங்க முடியாமல் இந்தியா திரும்பியவர். எந்த ஊரிலிருந்து அழுதுகொண்டு வந்தாரோ, அங்கேயே பாடப் போனார்.

வரவேற்பு இரண்டு விதமாக இருந்தது. இந்தியாவில் பாட்டு நன்றாக விற்றது. அமெரிக்காவில், ஒளிபரப்பான உடனேயே வசைகள் வந்து குவிந்தன. எங்கள் ஆட்டத்தில் இந்தப் பழுப்பு நிறப் பெண்ணுக்கு என்ன வேலை என்று கேட்டார்கள். தீவிரவாதி என்றும் திட்டினார்கள். பின்னாளில் பல பேட்டிகளில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார். பள்ளி வராந்தாவில் கேட்டது இப்போது நாடு முழுவதிலிருந்தும் வந்தது.

பாட்டில் அவருக்குத் துணை அப்பா. ராணுவ மருத்துவரான அசோக் சோப்ரா நன்றாகப் பாடுவார். அவரது கையெழுத்தையே மகள் மணிக்கட்டில் பச்சை குத்திக்கொண்டிருந்தார். 2013 ஜூனில் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. அடுத்த மாதமே பிட்புல்லுடன் பாடிய 'எக்ஸாட்டிக்' வெளியாக வேண்டியிருந்தது, வெளியானது. மறு வருடம் இன்னொரு பாட்டு. பேசப்பட்ட முழு ஆல்பம் மட்டும் வரவே இல்லை.

கணக்குப் பார்த்தால் இது தோல்விதான். ஆனால் பாடப் போன இடத்தில்தான் நடிக்கும் வாய்ப்பு வந்தது. 2015இல் 'குவான்டிகோ' தொடரில் கதாநாயகியானார். தெற்காசியப் பெண் ஒருவர் அமெரிக்காவின் பெரிய சேனல் ஒன்றின் டிராமா தொடரை முன்னின்று நடத்தியது அதுவே முதல் முறை. பாட்டு கதவைத் தட்டியது, திறந்தபோது உள்ளே போனது நடிப்பு.

பாட்டு அதோடு முடிந்துவிடவும் இல்லை. 2016இல் தன் சொந்தத் தயாரிப்பான 'வென்டிலேட்டர்' என்ற மராத்திப் படத்துக்காக ஒரு பாட்டுப் பாடினார். இம்முறை அமெரிக்கப் பாடகர்கள் இல்லை, கால்பந்து மைதானமும் இல்லை. பாட்டின் பெயர் 'பாபா'. அப்பா என்று அர்த்தம்.