பதினாறாவது கோடு

எட்டு வருஷமாக அம்மாவுக்கு இன்சுலின் போடுவது என் வேலை. காலையில் 16 யூனிட், ராத்திரி 8. மற்றவர் கவிதையில் ஒரு சொல் பிசகியிருந்தால் இரண்டு பக்கத்துக்குக் குறையாமல் எழுதுகிறவன் நான். தினமும் இரண்டு வேளை கையில் பிடித்த சிரிஞ்சின் மேல் அச்சிட்டிருந்ததை மட்டும் ஒரு நாளும் படித்ததில்லை.

பாகூர்ப் பக்கம் பல வீடுகளுக்கு இருப்பதுபோல எங்களுக்கும் பிரான்சில் சொந்தம் உண்டு. மாமா சொல்தாவாக இருந்தவர். அவர் பிள்ளை போன மார்கழியில் வந்தபோது அத்தைக்குப் போடுகிற அதே மருந்து என்று விசாரித்து இரண்டு குப்பி வாங்கிவந்து கொடுத்தான். அசல் சரக்கு என்று வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். மறுநாள் காலை வழக்கம்போல் பதினாறாவது கோடுவரை இழுத்துப் போட்டேன். அம்மா இரண்டு இட்லி சாப்பிட்டாள். பத்து மணிக்கு ரவிக்கை நனைய வேர்த்துக்கொட்டி, நாக்குக் குழறி, என்னைச் செத்துப்போன மாமாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

அடுத்த தெருவில் ஒரு சிஸ்டர் இருக்கிறார். வில்லியனூர்ப் பக்கம் பல வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். வந்ததும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவால் விழுங்க முடிகிறதா என்று பார்த்துவிட்டுச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார். கொஞ்சம் தெளிந்ததும் பிஸ்கட். பிறகுதான் குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னவரும் அவர்தான். மறுநாள் காலைவரை அங்கே வைத்திருந்து, மணிக்கு ஒருதரம் விரலைக் குத்திப் பார்த்தார்கள்.

நம் ஊர்க் குப்பிகளில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. பிரான்சில் 2000-ஆம் ஆண்டிலேயே 40-ஐ விட்டு 100-க்குப் போய்விட்டார்கள். 100-க்கான சிரிஞ்சு வேறு. இங்கே அதற்கு ஆரஞ்சு மூடி. சிவப்பு மூடிச் சிரிஞ்சில் பதினாறாவது கோடு என்பது 0.4 மில்லி. நம் குப்பியிலிருந்து இழுத்தால் அது 16 யூனிட். பிரான்சுக் குப்பியிலிருந்து இழுத்தால் 40. இரண்டரை மடங்கு. கோட்டில் பிழையில்லை, மருந்திலும் பிழையில்லை. ஒரு சொல்லுக்குப் பக்கத்துச் சொல்தான் அர்த்தம் கொடுக்கிறது என்று நான் எத்தனை கூட்டங்களில் பேசியிருக்கிறேன்!

அம்மா வீடு திரும்பியபின் சிஸ்டரைப் பார்க்கப் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன் போலிருக்கிறது. யாரிடம், எதற்கு என்று தெரியவில்லை. அவர் பழைய நாட்களைப் பேச ஆரம்பித்துவிட்டார். சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று பயிற்சியில் வாய்ப்பாடுபோல் ஒப்பிக்க வைப்பார்களாம். “அஞ்சுல மொதலாவதுதான் தம்பி கஷ்டம்” என்றார். “வார்டுல நாலு லட்சுமி இருப்பாங்க. ‘நீங்க லட்சுமிதானே’ன்னு கேட்டா, பச்சையம்மாகூட ‘ஆமாம்மா’ன்னுதான் சொல்லும். ஊசி வச்சிருக்கறவள எதுத்துப் பேச முடியுமா? அதனால ‘உங்க பேரு என்ன’ன்னு கேட்டு, அவங்க வாயால வரவைக்கணும். புருஷன் பேரக் கேட்டா கெழவிங்க சொல்லாது. மூத்த புள்ள பேரக் கேப்பேன்.”

கேள்வியிலேயே பதிலை வைத்துக் கேட்பது நம் விமர்சனத்திலும் நடக்கிற காரியம்தான். அது இருக்கட்டும்.

லேபிளை மூன்று தரம் படிப்பாராம். அலமாரியிலிருந்து எடுக்கும்போது, சிரிஞ்சில் இழுக்குமுன், திரும்ப வைக்கும்போது. டாக்டர் சீட்டில் யூனிட் என்பதை ஆங்கிலத்தில் ‘யு’ என்று ஒற்றை எழுத்தாகச் சுருக்கினால், அவசரக் கையெழுத்தில் அது சுழியாகிவிடும்; 4 யூனிட் 40 ஆகும். முழுச் சொல்லாக எழுதித் தரும்வரை மருந்தைத் தொடமாட்டேன் என்று நின்று வசவு வாங்கியிருக்கிறார். எங்கள் பத்திரிகையில் ஒருமுறை அச்சுப்பிழையால் ஒரு வரி மேலாகிவிட்டது என்று கவிஞரே ஒப்புக்கொண்டதை அவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பிரான்சுக் குப்பிகள் இரண்டையும் சிஸ்டரே எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது குப்பியையும் சிரிஞ்சையும் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் எண்ணை உரக்கப் படிக்கிறேன். அம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. நேற்றுக் காலை கையை நீட்டியபடி, “செவப்புதானேடா?” என்றாள்.

ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தவன், மறுபடி ஜன்னலுக்குப் போனேன்.